சமீபத்தில் வாசித்தவை: என் ஓட்டு ஒல்லி நாவல்களுக்கே

பாதிப்பக்கம்:

நான் விமர்சகன் இல்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் தூக்கம் வரும்வரை வாசிக்கிற ஆள், அவ்வளவுதான். பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீருவேன் என்ற வைராக்கியமும் கிடையாது. சமீபத்தில் வாசித்ததில் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் காரணத்தோடு திட்டுங்கள்.

முதலில் சு.வெங்கடேசனின் காவல் கோட்டம். ஆளாளுக்குச் சொன்னார்களே என்று வாங்கினேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல். மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அறுநூறு வருஷத்து மதுரை. தாதனூர்க்காரர்கள் களவுக்குப் போகிற பகுதிகள் இருக்கின்றனவே, அதுபோல் நான் வேறெங்கும் வாசித்ததில்லை. சுவரில் கன்னம் வைக்கும் நுணுக்கம், களவாடுகிறவனே காவலுக்கும் நிற்கிற விசித்திரமான ஏற்பாடு, எல்லாம் கூடவே போய்ப் பார்த்த மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கிற இடமும் அப்படித்தான். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகிறோமே, அவை அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள். ஆனால் நாயக்கர் காலப் பகுதியில் எனக்கு மூச்சு முட்டியது. ஒரு ராஜாவின் பெயர் மனதில் நிற்பதற்குள் அடுத்தவர் பட்டத்துக்கு வந்துவிடுகிறார். நிறையத் தாண்டித் தாண்டித்தான் வாசித்தேன். உள்ளே முந்நூறு பக்கத்தில் ஓர் அபாரமான நாவல் இருக்கிறது, சுற்றிலும் ஆசிரியரின் ஆராய்ச்சிக் குறிப்புகள் இருக்கின்றன என்பது என் கருத்து.

அதை வைத்துவிட்டு வாடிவாசல் எடுத்தேன். செல்லப்பா எழுதியது, 1959. நூறு பக்கம்கூட இல்லை. ஒரே ஒரு சல்லிக்கட்டு, ஒரே பிற்பகல். பிச்சியும் அவன் மச்சினன் மருதனும் வாடிவாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிழவன் வாய் ஓயாமல் பேசுகிறான். எந்த மாடு எப்படி வரும், எவன் எந்த மாட்டில் செத்தான் என்று அவன் பேசுகிற பேச்சிலேயே நமக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. பிச்சியின் அப்பன் அம்புலி, ஜமீன்தாரின் காரிக் காளையிடம்தான் உயிரை விட்டவன். இப்போது மகன் அதே காளைக்காகக் காத்திருக்கிறான். காளை வாசலில் வந்து நிற்கிற இடத்தில் எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது. கடைசியில் ஜமீன்தார் அந்தக் காளையைச் சுட்டுவிட்டுப் போவதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாடு தோற்றது என்பதைவிட, தன் மாடு தோற்றதை ஊர் பார்த்தது என்பதுதான் அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் அசோகமித்திரனின் தண்ணீர், பூமணியின் வெக்கை. இரண்டையும் பற்றிக் கீழே யாராவது கேட்டால் எழுதுகிறேன். இரண்டுமே பிடித்தன.

சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள் மட்டும் ஒல்லியாக இருந்தும் எனக்கு ஒட்டவில்லை. கதையே நடக்காமல் ஒருவர் இன்னொருவரைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறார். கல்கியின் சிவகாமியின் சபதத்தைக் கிண்டலடித்து, சிவகாமி அம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று ஜே.ஜே. கேட்கிற இடத்தில் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதே சு.வெங்கடேசனின் வேள்பாரி தொடங்கியிருக்கிறேன். வேகமாகப் போகிறது, ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே மாதிரி திடுக்கென்று முடிகிறது.

மொத்தத்தில் என் அபிப்பிராயம்: தமிழ் நாவலின் பலம் நூற்றைம்பது, இருநூறு பக்கத்துக்குள்தான் இருக்கிறது. தலையணை சைஸ் புத்தகங்களை மரியாதைக்காக வாங்குகிறோம்.

வந்தியக்குதிரை:

அண்ணா, மரியாதைக்காக வாங்குகிறோம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அதை மரியாதைக்காகவா வாசிக்கிறார்கள்? எங்கள் ஹாஸ்டலில் முதல் பாகத்தை எடுத்த யாரும் நடுவில் விட்டதில்லை. மணிரத்னம் படம் 2022இல் வந்தபோது தமிழே சரியாக வாசிக்காதவர்கள்கூட ஒலிப்புத்தகமாகக் கேட்டு முடித்தார்கள். நானும் கேட்டுத்தான் முடித்தேன்.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் வருகிற வந்தியத்தேவன் எழுபத்து நாலு கணவாயில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டே வருகிறான். அந்தத் தண்ணீரையும் கும்மாளத்தையும் பார்த்துவிட்டால் பிறகு வெளியே வர முடியாது. இருநூறு பக்கத்தில் அந்த உலகம் வராது.

பாதிப்பக்கம்:

கேட்டு முடித்தேன் என்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது தங்கச்சி. நான் கண்ணால் வாசித்தேன். மூன்றாம் பாகத்தில், நடந்த கதையையே திரும்பத் திரும்ப நினைவூட்டுவதாகப் பட்டது. இரண்டு பேர் சந்தித்தால், போன பாகத்தில் நமக்குத் தெரிந்ததை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார்.

ஓய்வுநூலகர்:

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு சம்பவம் வாசகருக்கு ஞாபகம் இருக்காது. நடுவில் சில வாரம் விட்டவர்களும் இருப்பார்கள். அதனால் ஆசிரியர் நினைவூட்டிக்கொண்டே போக வேண்டும். அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கொக்கி போட்டால்தான் அடுத்த வாரம் பத்திரிகை போகும். வேள்பாரியும் ஆனந்த விகடனில் நூறு வாரத்துக்கு மேல் வந்த தொடர்தான். உங்களுக்கு அந்தத் திடுக்கிடல் அலுப்பதற்குக் காரணம், வாரம் ஒன்றாக வாசிக்க வேண்டியதை நீங்கள் ராத்திரிக்கு ஐந்தாக வாசிக்கிறீர்கள். காதால் கேட்பவருக்கு அந்தத் திரும்பச் சொல்லல் உதவியாகவே இருக்கும், கூறியது கூறலாகத் தெரியாது.

ஒல்லி நாவலுக்கும் இதே மாதிரி ஒரு பின்னணி உண்டு. அவற்றில் பலவற்றைச் சுமந்தவை சிறுபத்திரிகைகள். பக்கமும் குறைவு, காசும் குறைவு. தண்ணீர் கணையாழியில் வந்தது. பிற்பாடு தி.ஜானகிராமன் நினைவாகக் குறுநாவல் போட்டியே நடத்தினார்கள். ஆக, பெரிய பத்திரிகை நீளத்தை வளர்த்தது, சின்னப் பத்திரிகை சுருக்கத்தை வளர்த்தது. இதில் எழுத்தாளரின் குணம் பாதிதான்.

நாலாம்வகுப்பு:

வீரநாராயண ஏரி என்று படித்ததும் ஒன்று தோன்றியது. அது இன்றைய வீராணம். 2004இலிருந்து சென்னைக்குக் குழாயில் குடிநீர் வருகிறதே, அதே ஏரி. கல்கி காட்டுகிற வெள்ளத்தையும், குடத்தோடு ஜனங்கள் தெருத் தெருவாக அலைகிற அசோகமித்திரனின் சென்னையையும் அடுத்தடுத்து வாசித்தால் எப்படி இருக்கும்!

பாதிப்பக்கம் சார், தண்ணீர் பற்றி எழுதுங்கள். நான் கேட்டாயிற்று.

பாதிப்பக்கம்:

கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

ஜமுனா, அவள் தங்கை சாயா, ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம். சினிமா ஆசை காட்டி ஜமுனாவை அலையவிடுகிற பாஸ்கர ராவ் என்று ஒருவன். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கார்ப்பரேஷன்காரர்கள் தெருவைத் தோண்டிப் போடுகிறார்கள், குழாயில் வருகிற நல்ல தண்ணீரில் சாக்கடை கலந்துவிடுகிறது, ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆசிரியர் எங்கேயும் கோபப்படவே மாட்டார். யாருக்காகவும் அழவும் மாட்டார். முதல் ஐம்பது பக்கம் எனக்கு இது வெறும் செய்தி அறிக்கை மாதிரி இருந்தது, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு டீச்சரம்மா பேசுகிற இடம் வந்தது. சாகத் துணிந்த ஜமுனாவிடம் அந்த அம்மாள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கல்யாணத்தைச் சொல்கிறாள். சின்ன வயதில் தன்னை எத்தனை வயது மூத்த நோயாளிக்குக் கட்டிவைத்தார்கள், அந்த வீட்டில் மாமியாரோடு எப்படிக் காலம் போனது, அதையெல்லாம் சுமந்துகொண்டு தினமும் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துகிறாளே, அதை. சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள். அந்த இடம் வந்ததும் முதல் ஐம்பது பக்கமும் ஏன் அப்படி இருந்தன என்று புரிந்தது.

நாலாம்வகுப்பு:

அந்த டீச்சரம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும், நானே அப்படிப்பட்ட ஸ்டாஃப் ரூமில் இருபக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அசோகமித்திரன் அவளுக்குப் பெயர்கூட வைக்காமல் டீச்சரம்மா என்றே விட்டிருப்பது எனக்குப் பிடிக்கும்.

ஆனால் உங்கள் ஒல்லிக் கட்சியில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா வந்தாள் வாசித்தீர்களா? தி.ஜா.வின் எழுத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காவேரிக்கரை, வேதபாடசாலை, இந்துவின் பிடிவாதம், எல்லாம் கண்முன்னால் நிற்கும். ஆனால் அலங்காரத்தம்மாளை நாம் பார்ப்பதெல்லாம் மகன் அப்புவின் கண் வழியாக, கணவர் தண்டபாணியின் மௌனம் வழியாக. சிவசுவோடு அவளுக்கு இருக்கும் உறவு வீட்டுக்கே தெரியும். தன் பாவத்துக்குப் பரிகாரமாகப் பிள்ளையை வேதம் படிக்க அனுப்புகிறாள். கடைசியில் காசிக்குப் போகிறாள். அவள் தனியாக இருக்கும்போது என்ன நினைத்தாள்? அதற்கு இன்னொரு நூறு பக்கம் கொடுத்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். என் சிநேகிதி ஒருத்தி, அந்த மறைப்புத்தான் நாவலின் அழகு என்பாள். எனக்கு அது அழகாகத் தெரியவில்லை, கஞ்சத்தனமாகத் தெரிகிறது.

கரிசல்மண்:

அண்ணாச்சி, வெக்கையைப் பத்தி எழுதுவேன்னு சொல்லிட்டு டிமிக்கி குடுக்கக் கூடாது.

பாதிப்பக்கம்:

வருகிறேன் அண்ணாச்சி. நான் அசுரன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெக்கைக்கு வந்தேன். வாசிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பழைய கதை எப்போது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை! அப்பனின் இளமைக்காலம், அந்தத் தீ வைப்பு எல்லாம் படத்துக்காகச் சேர்த்தவை. நாவலில் இருப்பது பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அவன் செய்த கொலை, அதன் பிறகு அப்பனும் மகனும் ஒளிந்து திரிகிற எட்டு நாள். அவ்வளவே.

அந்த எட்டு நாளில் என்ன நடக்கிறது என்றால், பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வழி பார்க்கிறார்கள். எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது, இதுதான் பேச்சு. ஒரு கொலையைச் செய்துவிட்டு வந்த பையனிடம் அப்பன் அதட்டிக்கூடப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஃபெயிலான பிள்ளையைத் தேற்றுவது போல மெதுவாகப் பேசுகிறான். ஒரு நிமிஷம் இவர்கள் ஏதோ கோவில் கொடைக்குப் போகிறார்களோ என்று மறந்துவிடும், அடுத்த வரியில் பகீரென்று ஞாபகம் வரும். இருநூறு பக்கத்துக்குள் இது முடிந்ததால்தான் தாக்குகிறது என்று இப்போதும் சொல்வேன்.

கரிசல்மண்:

ரொம்பச் சரியாச் சொன்னீங்க. இன்னொண்ணையும் கவனிங்க. அதில் யார் என்ன சாதி என்று பூமணி எங்கேயும் பேர் போட்டு எழுத மாட்டார். கொலையானவனை வடக்கூரான் என்பார், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆளுக்கு அதுவே போதும். வெளியூர் ஆளுக்கு அதன் அவசியமே இல்லாமல் கதை நடக்கும்.

ஆனால் உங்கள் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை. கி.ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் வாசித்திருக்கிறீர்களா? அதுவும் ஒல்லிதான், 1976. கண்மாய்க் கரையில் ஒரு கள்ளன், நகைக்காக ஒரு பெண்ணைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். அவள் சாகும்போது அவன் கால் பெருவிரலைக் கடித்த கடியை விடவே இல்லை. செத்த பிறகும் விடவில்லை. அதனால்தான் அவன் அகப்படுகிறான். இந்த ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு கி.ரா. ஒரு ஊரையே சொல்லிவிடுவார். தெலுங்கு தேசத்திலிருந்து ஓடி வந்த கதையை நூற்று முப்பத்தேழு வயது மங்கத்தாயாரு அம்மாள் உட்கார்ந்து சொல்வாள். இதை வாசித்துவிட்டு உங்கள் கட்சிக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது என்று குதிப்பீர்கள். ஆனால் அந்த ஊர் அவருக்கே ஒரு புத்தகத்தில் அடங்கவில்லை. கோபல்லபுரத்து மக்கள் என்று அடுத்ததை எழுத வேண்டி வந்தது. சாகித்திய அகாதமி கிடைத்ததும் அதற்குத்தான், 1991இல்.

ஓய்வுநூலகர்:

அகாதமி பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், பாதிப்பக்கத்தின் கட்சிக்கு இது உதவும். 2011இல் காவல் கோட்டம், 2012இல் டி.செல்வராஜின் தோல், 2013இல் ஜோ டி குரூஸின் கொற்கை, 2014இல் பூமணியின் அஞ்ஞாடி. வரிசையாக நான்கு வருஷம் தலையணைக்குத்தான் பரிசு. இதில் பூமணியைப் பாருங்கள். 1979இல் பிறகு, 1982இல் வெக்கை. அந்த இரண்டுக்கும் கிடைக்காதது ஆயிரம் பக்க அஞ்ஞாடிக்குக் கிடைத்தது.

இதைவிட வேடிக்கை செல்லப்பா விஷயம். வாடிவாசல் எழுதியவர், எழுத்து பத்திரிகை நடத்திக் கைக்காசை அழித்தவர், புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவருக்கு அகாதமி பரிசு எதற்கு வந்தது தெரியுமா? மூன்று பாக நாவலான சுதந்திர தாகத்துக்கு. அதுவும் 2001இல். மனிதர் 1998லேயே போய்விட்டார்.

வந்தியக்குதிரை:

பெரியவரே, நீங்கள் உங்களுக்கு வசதியான வருஷங்களை மட்டும் பொறுக்குகிறீர்கள். தி.ஜா.வுக்கு 1979இல் சக்தி வைத்தியத்துக்குக் கொடுத்தார்கள். அசோகமித்திரனுக்கு 1996இல் அப்பாவின் சிநேகிதருக்கு. இரண்டும் சிறுகதைத் தொகுப்புகள். 2016இல் வண்ணதாசனுக்கும் சிறுகதைக்குத்தான். பருமனுக்குப் பரிசு என்றால் இவையெல்லாம் எப்படி?

ஓய்வுநூலகர்:

நல்ல கேள்வி. ஆனால் கவனியுங்கள், அசோகமித்திரனின் தண்ணீருக்கோ தி.ஜா.வின் அம்மா வந்தாளுக்கோ கொடுக்கவில்லை. சிறுகதை என்றால் ஒரு கணக்கு, பெரிய நாவல் என்றால் ஒரு கணக்கு. நடுவில் இருக்கும் குறுநாவலைப் பரிசுக்கு எடுக்கவே தயங்குகிறார்கள் என்பது என் சந்தேகம். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, பல வருஷம் அட்டவணையைப் பார்த்தவனின் சந்தேகம்.

நெறியாளர்:

ஒரு வேண்டுகோள். முடிவைச் சொல்கிறவர்கள் முன்கூட்டியே ஒரு வரி எச்சரிக்கை போடவும். வாடிவாசல் முடிவை முதல் பதிவிலேயே போட்டுடைத்துவிட்டார்கள் என்று புகார் வந்திருக்கிறது.

கரிசல்மண்:

1959இல் வந்த கதைக்குமா புகார்? அப்போ ராமாயணத்துல ராவணன் செத்ததையும் சொல்லக் கூடாது போல.

பாரிஸ்பனி:

வணக்கம். நான் பாரிஸிலிருந்து எழுதுறன். ஒருத்தரும் எங்கட பக்கத்துப் புத்தகம் ஒன்றையும் தொடவில்லை, அதனால் நானே சொல்லுறன். ஷோபாசக்தியின் கொரில்லா, 2001இல் வந்தது. அதுவும் மெல்லிய புத்தகம்தான்.

தொடக்கமே ஒரு அகதி விண்ணப்பம். இலக்கம் போட்ட பந்திகளாக, தான் ஏன் ஊரைவிட்டு வந்தேன் என்று ஒரு ஆள் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு எழுதுறான். இங்க வந்த கனபேர் அப்படியொரு கடிதத்தை எழுதினவைதான். நானும் எழுதினனான். எந்தச் சம்பவத்தை முதலில போடுறது, எதை விடுறது, எந்தத் திகதியைச் சொன்னால் நம்புவாங்கள் என்று பக்கத்து அறைக்காரனோட இருந்து யோசிச்சு எழுதுற எழுத்து அது. அந்த வடிவத்தையே எடுத்து நாவலின்ர வாசலில வைச்சதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள்ள ஏதோவும் செய்தது. பிறகு கதை குஞ்சன்வயலுக்குப் போகும். கொரில்லா என்பது ரொக்கிராஜின் தகப்பனுக்கு ஊர் வைச்ச பட்டம். இயக்கத்துக்குப் போன பெடியனையும் ஊர் அந்தப் பட்டத்தோடதான் பார்க்கும்.

ஒரு குறை. கடைசிப் பகுதி பாரிஸுக்கு வந்தபிறகு அவசரமாக முடிஞ்ச மாதிரி இருக்கு. பாதிப்பக்கம் தம்பிக்கு ஒல்லி பிடிக்கும் என்பது விளங்குது. எனக்கு அந்த இடத்தில இன்னும் வேணும் போல இருந்தது.

பாதிப்பக்கம்:

அண்ணை, நன்றி. உடனே தேடுகிறேன். நம் ஆட்கள் கடல் கடந்து போன கதை என்றால் புயலிலே ஒரு தோணியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அது என் பட்டியலில் அடுத்தது.

பாரிஸ்பனி:

அதை நான் ரெண்டுதரம் வாசிச்சனான். அது வேற மாதிரி. அதை எழுதின ப.சிங்காரம் இந்தோனேசியாவில மெடானில வேலை பார்த்தவர், அதனால அந்தக் கடைத்தெரு அவருக்குக் கைரேகை மாதிரித் தெரியும். வட்டிக்கடையில மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருத்தனுக்கும் ஒரு இடம் இருக்கும், ஒருத்தன் மற்றவனைக் கூப்பிடுற தொனியிலயே அது தெரியும். யப்பான்காரன் மெடானுக்குள்ள வந்து இறங்கிறதில கதை தொடங்கும். பிறகு இந்திய தேசிய ராணுவம், பினாங்கு, கப்பல். நடுவில பாண்டியன் மதுரைத் தெருவையெல்லாம் நினைச்சு நினைச்சு அலைவான். தமிழ்ப் பெருமை பேசுற ஆட்களை அவர் நக்கலடிக்கிற இடங்கள் இண்டைக்கும் எங்கட மேடைகளுக்குப் பொருந்தும்.

நாலாம்வகுப்பு:

அந்த நாவலில் பெண்கள் வந்து வந்து போவார்கள், ஒருத்தியும் நிற்க மாட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மற்றபடி நக்கல் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

இன்னொன்று, இதை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். பாதிப்பக்கம் சார், இமையத்தின் கோவேறு கழுதைகளை வாசியுங்கள். 1994. ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் வாழ்க்கை. காலனிக்குத் துணி வெளுத்து, வீடு வீடாகச் சோறு வாங்கி, பிள்ளைப்பேறு பார்த்து, சாவுக்கு வேலை செய்து வாழ்கிற குடும்பம். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டியதற்காக அந்த நாவலைச் சுற்றி நிறையச் சண்டை நடந்தது. சண்டையை விடுங்கள். மகள் மேரிக்கு நடப்பதைத் தெரிந்துகொண்டு ஆரோக்கியம் ஊருக்குள் வாயைத் திறக்க முடியாமல் நடமாடுகிறாளே, அந்தப் பக்கங்களை நான் வகுப்பு முடிந்து தனியாக உட்கார்ந்துதான் வாசித்தேன். ஆரோக்கியத்தின் ஒப்பாரி நீளமாகப் போகும். யாராவது அதை வெட்டியிருக்கலாம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வந்தியக்குதிரை:

டீச்சர், இப்போது நீங்கள் எந்தக் கட்சி?

நாலாம்வகுப்பு:

எந்தக் கட்சியும் இல்லை. அலங்காரத்தம்மாளுக்கு இடம் போதவில்லை, ஆரோக்கியத்துக்கு வேண்டிய இடம் கிடைத்தது.

வந்தியக்குதிரை:

நல்ல தீர்ப்பு. ஒரு புலம்பலையும் போட்டுவிடுகிறேன். ஒலிப்புத்தகம் கேட்ட பிறகு கையில் ஒரு செட் இருக்கட்டும் என்று பொன்னியின் செல்வன் மலிவுப் பதிப்பு வாங்கினேன். நாட்டுடைமை ஆனதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் அல்லவா, அச்சடித்தவர் யார் என்று சொல்லப் போவதில்லை. பக்கத்துக்கு நாலு பிழை. நந்தினி ஒரு இடத்தில் நந்தனி, ஒரு இடத்தில் நந்தின். ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தையே காணோம், கொக்கி போட வேண்டிய பக்கம்!

ஓய்வுநூலகர்:

வாங்கும்முன் நடுவில் பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை எல்லாரும் ஒழுங்காகத்தான் அச்சடிப்பார்கள்.

பாதிப்பக்கம்:

எல்லாருக்கும் நன்றி. கோபல்ல கிராமம் இரண்டே ராத்திரியில் முடிந்தது. கரிசல்மண் அண்ணாச்சி சொன்ன அந்தப் பெருவிரல் கடி இன்னும் கூசுகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஊர்க்காரர்களின் பட்டப்பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குட்டிக் கதை, கதைக்கு நடுவே நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் கி.ரா. நகர்கிறார். கள்ளனை என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டிருந்தேன், அவரோ அவசரமே இல்லாமல் ஒருவருடைய மீசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எரிச்சல் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஒல்லிப் புத்தகத்தில் இப்படிச் சாவகாசமாக உட்கார முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இனி சவால். நூலகத்தில் அஞ்ஞாடி எடுத்துவிட்டேன். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன என்றார்கள், அதைப் படிக்கத்தான் ஆசை. கரிசல்மண் அண்ணாச்சி, எந்தப் பகுதியிலிருந்து தொடங்கினால் நேராகக் கலவரத்துக்குப் போகலாம்?

கரிசல்மண்:

அப்படிப் போகக் கூடாது அண்ணாச்சி. ஆண்டியும் மாரியும் சின்னப் பிள்ளைகளாகக் கலிங்கல் ஊரில் சுற்றித் திரிகிறார்களே, முதலில் அதை வாசிங்க. ஒருத்தன் குடும்பன், ஒருத்தன் வண்ணான், ரெண்டு பேரும் ஓர் உயிர். அவர்கள் வளர்ந்து, கல்யாணம் கட்டி, பஞ்சத்தில் அடிபட்டு, பிள்ளை குட்டிகளைப் பார்ப்பதெல்லாம் கூடவே இருந்து பார்த்தால்தான் பின்னால் வருகிற தீயில் யார் வீடு எரிகிறது என்று உங்களுக்குத் தெரியும். நேரே கலவரத்துக்குப் போனால் அது சர்க்கார் ரிப்போர்ட்தான். நடுவில் வரலாறு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே வேண்டுமானால் வேகமாகப் புரட்டிக்கொள்ளுங்கள். ஆண்டி, மாரி இருக்கிற பக்கத்தில் ஒன்றைக்கூட விடாதீங்க.

பாதிப்பக்கம்:

சரி, முதல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரே பயம், இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு தடவைதான் தவணை நீட்டித் தருவார்களாம்.

ஓய்வுநூலகர்:

கவலைப்படாதீர்கள். தவணை முடிந்ததும் கொடுத்துவிடுங்கள், மறுநாள் போய் அதே அலமாரியில் அதே இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பருமனுக்கு வரிசையில் யாரும் நிற்க மாட்டார்கள்.